உட்கார்ந்தால் எதிர்ப்பு

தச்சருக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் இரண்டு முறை எழுந்துபோய் ஜன்னல் கொக்கியைச் சரிபார்த்துவிட்டு வருவார். "உங்களைச் சுமந்தப்ப உங்கம்மா பம்பரத்தை முழுங்கிட்டாங்களா?" என்று அவர் மனைவி கேட்பாள். வீட்டில் அது கேலியோடு போயிற்று. கம்பெனியில் அதுவே சட்டமாகிவிட்டது.

அவர் வேலை பார்த்தது, பழைய கட்டடங்களைப் பதமாகப் பிரித்து, கதவு, ஜன்னல், உத்தரம், செங்கல், ஓடு எல்லாவற்றையும் காப்பாற்றி, அவற்றைக் கொண்டே வீடு கட்டித் தரும் கம்பெனி. மலையை உடைக்க வேண்டாம், மரத்தை வெட்ட வேண்டாம். இந்த நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆண்டவனே ஆதியிலிருந்து ஒரே மண்ணைத்தான் திரும்பத் திரும்பப் பிசைந்துகொண்டிருக்கிறார். முதலாளிக்கு வயதானபோது, பிள்ளை இல்லாத அந்த நல்ல மனிதர், கம்பெனியை அங்கே வேலை செய்த பன்னிரண்டு பேருக்கும் சமமாக எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அன்றிலிருந்து அது தொழிலாளர் கூட்டுறவு. முன்பெல்லாம் ஒருவர் சொல்லப் பன்னிரண்டு பேர் செய்தார்கள். இப்போது பன்னிரண்டு பேரும் சொன்னார்கள். செய்யத்தான் ஆள் தட்டுப்பாடு.

தலைவர் என்ற சொல்லே கூடாது என்று முதல் கூட்டத்திலேயே முடிவாயிற்று. அதற்குப் பதில் 'சுழற்சி முறை ஒருங்கிணைப்பாளர்' என்று ஒருவர். முதலாளி காலத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். ஆறு வருடமாகச் சுழற்சி முறையில் அவரே சுழன்று வந்துகொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. எதிரில் வருகிறவருக்குக் குடையை நீட்டிவிட்டுத் தான் நனைந்து போகிற மனிதர். ஆனால் ஒரு கொள்கையைக் கண்டுவிட்டால் குடை, மழை, எதிரில் வருகிறவர் எல்லாம் மறந்துபோகும்.

ஓட்டுப் போட்டால் தோற்றவர் மனம் நோகும் என்று அவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். தீர்மானத்தை ஏற்பவர் எழுந்து நிற்க வேண்டும். எதிர்ப்பவர் உட்கார்ந்திருக்கலாம். பன்னிரண்டு பேரும் நின்றால்தான் தீர்மானம் நிறைவேறும். எழுதி வைக்கிற வேலை பெயிண்டர் அக்காவிடம். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவார், கருத்தை எழுத மாட்டார் என்பதால் அவரை எல்லோரும் நம்பினார்கள்.

இப்படி ஓர் ஏற்பாட்டில், உட்காரத் தெரியாத மனிதரின் கதி என்னவாகும்? இரண்டே வருடத்தில் தச்சர் ஏழு குழுக்களில் உறுப்பினராகிவிட்டார். முதுகு சொறியவும், கூரையில் என்ன சத்தம் என்று பார்க்கவும் எழுந்ததில் வந்த பதவிகள். விதி நாற்பத்தொன்று நிறைவேறியதும் அப்படித்தான். பதினொரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், இவர் ஒருவர்தான் பாக்கி. வாசலில் அடுக்கியிருந்த பலகைமேல் தூறல் விழுகிறதோ என்று ஜன்னலுக்கு எழுந்து போனார். திரும்பி வருவதற்குள் விதி அமலுக்கு வந்துவிட்டது.

"நான் பலகையைப் பாக்கத்தானே எழுந்தேன்? அது என்ன விதின்னுகூட எனக்குத் தெரியாதுங்க."

ஒருங்கிணைப்பாளர் அவர் தோளில் அன்போடு கை வைத்தார். "எழுந்தவர் எதுக்காக எழுந்தார்னு விசாரிக்க ஆரம்பிச்சா, ஒரு மனுஷனோட மனசுக்குள்ள நாம கையை விடற மாதிரி. அது சர்வாதிகாரம். எழுந்தால் எழுந்ததுதான். அக்கா, இதையும் எழுதிக்கோங்க."

பெயிண்டர் அக்கா எழுதிக்கொண்டார்.

மூன்று தெரு தள்ளி, தையல்கார அக்காவின் ஓட்டு வீடு. முன்னறையில் தையல் இயந்திரம், அதற்கு நேர் மேலே உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி, கொக்கியில் பல்பு. அந்த வெளிச்சத்தில் தைத்துத்தான் அக்கா ஒரு மகளை வளர்த்து ஆளாக்கினார். மருமகனுக்குக் கப்பலில் வேலை. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஏழு மாதம். அந்தச் சமயம் பார்த்து உத்தரத்தின் ஒரு முனையில் கரையான் பிடித்தது.

தச்சர் ஏணி போட்டு ஏறி, விரலால் தட்டிப் பார்த்தார். பதினெட்டு அடி உத்தரத்தில் ஒன்றரைச் சாண்தான் போயிருந்தது. மற்றதெல்லாம் இரும்பு.

"ஒரு வாரம்க்கா. ஓட்டைப் பிரிச்சு உத்தரத்தை இறக்கி, கெட்ட முனையை வெட்டிட்டு நல்ல துண்டு சேத்து மறுபடியும் ஏத்திடறேன். அதுவரைக்கும் தார்ப்பாய்."

"மழைக்காலம் வருதே தம்பி."

"அதுக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருக்கு. கவலையே படாதீங்க."

சொன்னது நல்ல மனதோடுதான். இறக்கிய எந்தப் பொருளும் முதலில் கம்பெனிக் கிடங்கைத் தொட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த விதி. அதனால் உத்தரத்தைக் கிடங்குக்கு அனுப்பினார். தெரியாத விதி அங்கே காத்துக்கொண்டிருந்தது.

கிடங்கின் வாசலில் பூர்வீகக் குழு மேஜை போட்டிருந்தது. உள்ளே போகும் ஒவ்வொரு பொருளுக்கும் வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது அதன் பணி. குழுவில் இருந்தது ஒரே ஆள், எலக்ட்ரீஷியன். வயரைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் கலகலப்பான மனிதர். மேஜை வந்தபின் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டார்.

"எங்கேருந்து வருது?"

"தையல்கார அக்கா வீட்டுலேர்ந்து."

"எங்கே போகுது?"

"தையல்கார அக்கா வீட்டுக்கு."

பேனா நின்றது. எலக்ட்ரீஷியன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "விதி நாற்பத்தொன்னு தெரியுமில்லே? இறங்கின பொருள் இறங்கின இடத்துக்கே திரும்பிப் போகக் கூடாது. அது மறுபயன்பாடு இல்லை, வெறும் பழுதுபார்ப்பு. நாம பழுது பாக்கற கம்பெனி இல்லையே. நீங்கதானே அண்ணே கடைசி ஆளா எழுந்து நின்னு நிறைவேத்தினீங்க?"

தச்சர் காதுப் பென்சிலை எடுத்தார், திரும்பச் செருகினார், மறுபடியும் எடுத்தார். "சரி, கிடங்குலேர்ந்து வேற பதினெட்டு அடி உத்தரம் குடுங்க."

"எல்லாம் பதினஞ்சுக்குள்ளதான்."

"அப்ப புதுசு ஒண்ணு வாங்கிடலாம்."

"அதே அளவு கிடங்குல இருக்கும்போது புதுசு வாங்க விதியில இடமில்லை."

"அதே அளவு எங்க இருக்கு?"

எலக்ட்ரீஷியன் பேனாவால் சுட்டினார். "இதோ. இப்பத்தான் வந்தது."

பக்கத்தில் செங்கல் எண்ணிக்கொண்டிருந்த கொத்தனார் எண்ணிக்கையை விட்டுவிட்டார். "கிணத்துத் தண்ணியை வெள்ளம் கொண்டுபோகாதுன்னு சொல்லுவாங்க. நம்ம கிடங்கு கொண்டுபோயிடும் போல." பிறகு முதல் செங்கல்லிலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்கினார்.

எலக்ட்ரீஷியனும் மனிதர்தானே. குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு அண்ணே. இடையில இது வேற ஒரு வாழ்க்கை வாழ்ந்துட்டு வரட்டும். வேற இடத்துல ஏதாவது வேலை பாத்துச்சுன்னா, அங்கேருந்து கிளம்பி அக்கா வீட்டுக்குப் போற மாதிரி ஆகும். குறிப்பு சுத்தமா இருக்கும்."

"வேற என்ன வேலை? இது உத்தரம்யா."

"கூட்ட அறையில உக்கார ஒண்ணும் இல்லையே."

அது உண்மைதான். கூட்ட அறையின் பன்னிரண்டு நாற்காலிகளுக்கும் பூர்வீகம் தெரியாததால் அவை நான்கு மாதமாகக் கிடங்கில் விசாரணையில் இருந்தன. உறுப்பினர்கள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். தச்சர் அன்றே உத்தரத்தைக் கூட்ட அறைக்குக் கொண்டுபோய், இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தார். இரண்டு நாள் பெஞ்சாக இருக்கட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. மனக்கணக்குகள் எல்லாம் இப்படித்தான் அழகாக இருக்கும்.

முதல் கூட்டத்தில் பன்னிரண்டு பேரும் அதில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அகலம் ஒரு சாண். கம்பியில் உட்கார்ந்த காக்கைகள்போல் எல்லோருக்கும் முகம் ஒரே திசையில், எதிரே வெறும் சுவர். யாராவது பேசினால் மற்ற பதினொரு பேரும் முன்னால் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். தச்சர் உட்கார்ந்த இடத்தில் நெளிந்தார். அவர் எழுந்துவிடுவதற்குள் ஒருங்கிணைப்பாளர் கண்கள் கலங்கிவிட்டன.

"நண்பர்களே, இத்தனை வருஷத்துல நாம எல்லாரும் ஒரே மரத்துல, ஒரே மட்டத்துல உக்காந்தது இன்னிக்குத்தான். இது இனிமே உத்தரம் இல்லை. இது நம்ம சமத்துவம். சாதாரண உத்தரம் ஒரு வீட்டைத் தாங்கும். அதை யார் வேணா செய்யலாம், ஒரு தூண்கூடச் செய்யும். இது ஒரு கொள்கையைத் தாங்குது. வீடு இல்லாம ஒரு கொள்கை இருக்க முடியும். நம்ம கம்பெனியே அதுக்குச் சாட்சி. இந்த வருஷம் நாம ஒரு வீடுகூடக் கட்டலை, ஆனா ஒன்பது கொள்கை வகுத்திருக்கோம்."

கைதட்டினார்கள். உத்தரம் அன்று முதல் 'அசையாப் பொது உடைமை' என்று பதிவாயிற்று. அதை அசைக்க வேண்டுமானால் பன்னிரண்டு பேரும் எழுந்து நிற்க வேண்டும்.

அடுத்தடுத்த நான்கு கூட்டங்களிலும் தச்சர் அதைக் கேட்டார். முதல் முறை, கூட்டுறவின் அடையாளத்தைத் தனியார் வீட்டுக்குக் கொடுப்பதா என்று மூன்று பேர் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாம் முறை எல்லோரும் எழுந்தார்கள், குழாய்க்காரர் தவிர. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறவரை எழுப்புவது நிர்ப்பந்தம் ஆகும் என்று விதி இருந்தது. மூன்றாம் முறை, உத்தரம் பெஞ்சாகப் போதுமான அளவு வாழ்ந்துவிட்டதா என்று ஆராயத் துணைக்குழு போட்டார்கள். நான்காம் முறை அந்தத் துணைக்குழு, போதுமான அளவு என்றால் எவ்வளவு என்று கூட்டத்தைக் கேட்டது.

இதற்கிடையில் தச்சர் ஒன்று மட்டும் செய்தார். பெஞ்சுப் பராமரிப்புக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம் என்பதைக் கண்டுகொண்டு, மதிய இடைவேளைகளில் உளியும் ரம்பமுமாக வந்து உட்கார்ந்தார். கரையான் தின்ற முனையை வெட்டி எறிந்தார். தன் வீட்டில் கிடந்த பழைய கதவு நிலைத்துண்டு ஒன்றை இழைத்து, பல்லும் பல்லும் கவ்வுகிற மாதிரி சேர்த்து, நான்கு போல்ட்டுப் போட்டு முடுக்கினார். மேலே கிடக்க வேண்டிய உத்தரம் முழு ஆரோக்கியத்தோடு கீழே கிடந்தது.

தினமும் வேலை முடிந்து போகும்போது தையல்கார அக்கா வீட்டுத் தார்ப்பாயின் கயிறுகளை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார். உள்ளே இயந்திரத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்திருந்தார்கள். மகளின் கட்டில் சமையலறைக்கு நகர்ந்திருந்தது. ஏழு மாதம் எட்டாகி, எட்டும் முடிந்துகொண்டிருந்தது.

"உள்ள வாங்க தம்பி, டீ போடறேன்."

"இல்லக்கா. உங்க முகத்தைப் பாத்து டீ குடிக்க முடியலை."

"உங்களை நான் ஒரு வார்த்தை சொன்னேனா? நீங்க நல்லவங்கதான், உங்க கம்பெனிலயும் எல்லாரும் நல்லவங்கதான். போன வாரம்கூட அந்தத் தலைவர் வந்து பாத்து, கண்ணு கலங்கி, ஒரு டஜன் பழம் குடுத்துட்டுப் போனார்."

"தலைவர்னு சொல்லக் கூடாதுக்கா."

"சரி, அந்தப் பழம் குடுத்தவர். எல்லாரும் நல்லவங்கதான். அந்த மேகத்துக்கு அது தெரியணுமே தம்பி."

வீட்டில் மனைவி இவ்வளவு பதமாகப் பேசவில்லை. "பன்னெண்டு முதலாளியாம். ஒரு கட்டையைத் தூக்க வக்கில்லை. ஊரெல்லாம் எந்திரிச்சு நிப்பீங்க, எதுக்கு நிக்கணுமோ அதுக்கு மட்டும் உக்காந்துருவீங்க."

"நான் நிக்கறேன். மத்தவங்க நிக்க மாட்டேங்கறாங்க."

"எந்த விதின்னு தெரியாம நின்னதும் நீங்கதானே?"

அந்தக் குற்றம்தான் அவரை அரித்தது. உத்தரத்தில் கரையான் ஒன்றரைச் சாணோடு நின்றுவிட்டது, இது நிற்கவில்லை. படுக்கப் போகுமுன் பிரார்த்தனையில், "ஆண்டவனே, மழையை அனுப்பறதுக்கு முன்னாடி உன்கிட்டயும் ஒரு துணைக்குழு போட்டுக்கோ" என்று வேண்டிக்கொண்டார். ஆனால் ஆண்டவனிடம் துணைக்குழு இல்லை. ஐந்தாவது கூட்டத்தன்று மத்தியானமே வானம் கறுத்துவிட்டது.

மூன்று மணிக்குக் கூட்டம். உறுப்பினர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் கடைசியாக வந்து, பல்புக் கொக்கி துருத்திக்கொண்டிருந்த இடத்தில், காலி இடம் அதுதான் என்பதால், நெருக்கி உட்கார்ந்தார். 'சர்' என்று ஒரு சின்னச் சத்தம். யாரும் கவனிக்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் முகம் மட்டும் ஒரு நிமிடம் சுவரையே பார்த்தது.

நிகழ்ச்சி நிரலின் முதல் மூன்று பொருள்களை அவர் இருந்த இடத்திலேயே இருந்து ஒத்திப்போட்டார். நான்காவது, உத்தரத்தைத் தையல்கார அக்கா வீட்டுக்கு மாற்றுப் பணியில் அனுப்புவது. பேசத் தொடங்கும்போது ஓட்டின்மேல் முதல் துளிகள் விழுந்தன.

தச்சருக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது. ஓடிப்போய்த் தார்ப்பாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இந்தத் தீர்மானத்துக்கு எழுவதில் தவறில்லை, எழுந்தார். கொத்தனார் எழுந்தார். எலக்ட்ரீஷியன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு எழுந்தார். மழையின் சத்தம் மேடைப் பேச்சைவிட நன்றாக வாதாடியது. ஒருவர் இருவராக எழுந்து ஏழு பேர் நின்றார்கள். மற்றவர்கள் ஒருங்கிணைப்பாளர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர் இரண்டு கையாலும் உத்தரத்தைப் பற்றிக்கொண்டு அசையவில்லை.

"என்னை உணர்ச்சியால அசைக்க முடியாது. இன்னிக்கு ஒரு மழைக்காக எழுந்தோம்னா நாளைக்கு ஒரு வெயிலுக்காக எழ வேண்டி வரும். இங்கே உக்காந்திருக்கறது நான் இல்லை, என் நிலைப்பாடு. அது எந்தச் சூழ்நிலையிலயும், இந்தக் கூட்டம் முடிஞ்சு எல்லாரும் வெளியே போற வரைக்கும், எழுந்திரிக்காது."

"எல்லாரும் வெளியே போற வரைக்குமா?" என்றார் கொத்தனார். "அது என்னங்க அப்படி ஒரு நிலைப்பாடு?"

"அது தனிப்பட்டது."

நின்றவர்கள் கால் வலித்து ஒவ்வொருவராக உட்காரத் தொடங்கினார்கள். தச்சர் ஒருவர்தான் பாக்கி. நிற்பதில் பயனில்லை என்று தெரிந்தபோது, வாழ்நாளில் முதல் முறையாக அவருடைய கால்கள் சோர்ந்தன. அவரும் உட்கார்ந்துவிட்டார். பெயிண்டர் அக்கா எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார்.

அப்போது கதவு திறந்தது.

முதலில் தச்சரின் மனைவி, தலையில் ஒரு துணிமூட்டையோடு. அவளுக்குப் பின்னால் தையல்கார அக்கா. இருவருக்கும் நடுவில், கிழிந்த தார்ப்பாயை முக்காடாகப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் இடுப்பையும் ஒரு கையால் கதவையும் பிடித்தபடி, நிறைமாதப் பெண். மூன்று பேரிடமிருந்தும் தண்ணீர் வழிந்தது.

"தார்ப்பாய் பிச்சுக்கிச்சு" என்றாள் தச்சரின் மனைவி. "பக்கத்துல காஞ்ச இடம் இதுதான். உங்க பேச்சுக்கு நாங்க தொந்தரவா இருக்க மாட்டோம். ஓரமா நிக்கறோம்."

அந்தப் பெண் மூச்சு வாங்கினாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். நாற்காலி எதுவும் இல்லை.

பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள்.

யாரும் யோசிக்கவில்லை, யாரும் யாரையும் பார்க்கவில்லை. குழாய்க்காரர்கூடத் தூக்கத்திலிருந்து நேராக எழுந்தார். ஒருங்கிணைப்பாளர்தான் எல்லோருக்கும் முன்னால் எழுந்தவர். கொள்கையெல்லாம் அவருக்கு நாற்பது வயதுக்குமேல் வந்தது. பிள்ளைத்தாய்ச்சி நின்றால் நீ உட்காராதே என்று அவருடைய அம்மா சொன்னது ஐந்து வயதில். எழுந்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது, ஒரு கை சட்டென்று பின்பக்கம் போயிற்று. பேண்ட்டில் ஒரு முழக் கிழிசல்.

"உக்காரும்மா, இப்படி நடுவுல உக்காரு" என்றார், பின்கையை எடுக்காமலே.

அவள் மெல்ல உட்கார்ந்தாள். கை தானாக மரத்தைத் தடவியது, கொக்கியில் வந்து நின்றது. கொக்கியைச் சுற்றிப் பல்பின் சூடு கருக்கிய வட்டம் இருந்தது. "அம்மா" என்றாள், "இது நம்ம உத்தரம்."

மழை பெய்துகொண்டிருந்தது. பெயிண்டர் அக்கா பேனாவைத் திறந்தார். கண்ணால் வரிசையை எண்ணினார். வாய் முணுமுணுத்தது. "பத்து, பதினொன்னு, என்னையும் சேத்துப் பன்னெண்டு." எழுதினார். "பொருள் நாலு. பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றனர். நிறைவேறியது."

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றார் ஒருங்கிணைப்பாளர். "நாம இதுக்காக எழுந்திரிக்கலையே."

பெயிண்டர் அக்கா பழைய பக்கத்தைப் புரட்டினார். அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. உணர்ச்சி இல்லாமல் வாசித்தார்: "எழுந்தவர் எதற்காக எழுந்தார் என்று விசாரிப்பது சர்வாதிகாரம். எழுந்தால் எழுந்ததுதான். சொன்னவர், சுழற்சி முறை ஒருங்கிணைப்பாளர்."

"ஒருத்தங்க உக்காந்திருக்காங்களே" என்றார் ஒருங்கிணைப்பாளர், கடைசியாக.

"அவங்க உறுப்பினர் இல்லை."

அந்தப் பெண் பயந்துபோய்ப் பார்த்தாள். "நான் வேணா எழுந்திரிச்சுக்கட்டுமா?"

"நீ உக்காரும்மா" என்று பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆறு வருடத்தில் அந்தக் கூட்டுறவு ஒரு வார்த்தையை ஒன்றாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒருங்கிணைப்பாளரும் சொன்னார். சொல்லிவிட்டுத் தான் சொன்னதைக் கேட்டவர்போல் நின்றார். முகத்தில் எதுவோ தளர்ந்தது. "சரி" என்றார் மெதுவாக. "நிறைவேறிடுச்சு."

தையல்கார அக்கா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத் தையல்காரிக்கு, ஒரு மனிதர் கையைப் பின்னால் வைத்தபடி நின்றால் காரணம் தெரியாதா? "தம்பி, அந்தச் சுவர்ப் பக்கமா திரும்பி நில்லுங்க" என்றார். ஈர முந்தானையில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார். தச்சரின் மனைவி மூட்டையிலிருந்து நூல்கண்டைத் தேடி நீட்டினாள்.

"இந்தக் கொக்கி என் புடவையையே எத்தனை தடவை பிடிச்சிருக்கு. இதுக்குத்தான் இவ்வளவு நேரம் எழுந்திரிக்காம இருந்தீங்களாக்கும்?"

"கொள்கையும் இருந்தது" என்றார் அவர் சுவரிடம்.

"இருக்கட்டும். இப்ப எப்படித் தைக்கட்டும்? கிழிஞ்ச இடத்துலயே சேத்துத் தைச்சுடவா? இல்ல, இந்தத் துணி வேற ஒரு பேண்ட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துட்டுத்தான் இங்க திரும்பி வரணுமா?"

கொத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. ஒருங்கிணைப்பாளர் பின்கையை மெல்ல எடுத்தார். பிறகு சொன்னார்: "அங்கேயே தைச்சுடுங்கம்மா."

"ஆடாம நில்லுங்க."

ஆடாமல் நின்றார்.

மழை சற்று விட்டதும் எலக்ட்ரீஷியன் கிடங்குக்கு ஓடி, விசாரணையில் இருந்த நாற்காலிகளில் இரண்டை எதுவும் எழுதாமல் தூக்கி வந்தார். பிள்ளைத்தாய்ச்சி ஒன்றில், அவள் அம்மா ஒன்றில். பன்னிரண்டு பேர் குனிந்து உத்தரத்தைத் தோளுக்கு ஏற்றினார்கள். குட்டையான குழாய்க்காரர் தோளில் சாக்கை மடித்து வைத்துக்கொண்டார். ஒரு கையில் குறிப்பேட்டைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மறு தோளைக் கொடுத்தார் பெயிண்டர் அக்கா.

"கூட்டம் முடியலையே" என்றார் அவர், முதல் தெருமுனையில். "பொருள் அஞ்சு, நாற்காலிகளை விடுவிக்கிறது."

"நடக்கறது நிக்கறதுல சேருமா?" என்று கேட்டார் எலக்ட்ரீஷியன்.

"யாரும் உக்காரலையே."

ஐந்து நிறைவேறியது. ஆறும் ஏழும் இரண்டாம் தெருவில் நிறைவேறின. உட்கார வழியில்லாததால் அந்தக் கூட்டுறவின் வேலை என்றுமில்லாத வேகத்தில் நடந்தது. எட்டாவது பொருளை நடுவிலிருந்து ஒருங்கிணைப்பாளரே முன்மொழிந்தார், மூச்சிரைக்க, கழுத்தில் உத்தரத்தோடு: விதி நாற்பத்தொன்றை நீக்குவது. தச்சர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். இந்த முறை எதற்காக நிற்கிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஏணி, கயிறு, பன்னிரண்டு ஜோடிக் கைகள். இருட்டுவதற்குள் உத்தரத்தைச் சுவரின் பழைய பள்ளத்தில் இறக்கினார்கள். கடைசி விரற்கடையை அது தானாக நகர்ந்து போய்ப் பொருந்திக்கொண்டது. அதன்மேல் புதுத் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினார்கள். சட்டமும் ஓடும் நாளைக் காலையில். ஒருங்கிணைப்பாளர் ஏணியில் ஏறி, தன்னைக் கிழித்த கொக்கியில் பல்பை மாட்டினார். இயந்திரத்தின்மேல் பழைய இடத்திலேயே வெளிச்சம் விழுந்தது.

தச்சர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். போல்ட்டுகளைப் பார்த்தார், சேர்த்த இடத்தைப் பார்த்தார். சரிபார்க்க வேறு ஒன்றும் இல்லை. வாசற்படியில் போய் உட்கார்ந்தார். கால் நீட்டி, முதுகைச் சுவரில் சாய்த்து, பென்சிலைக் காதிலேயே விட்டுவிட்டு. அவர் மனைவி எட்டிப் பார்த்தாள், ஒன்றும் கேலி செய்யாமல் உள்ளே போய்விட்டாள்.

பெயிண்டர் அக்கா குறிப்பேட்டோடு வந்து எதிரே நின்றார். "தச்சரே, கடைசிப் பொருள். எல்லாரும் நின்னுட்டிருக்காங்க, நீங்க மட்டும் உக்காந்துட்டீங்க. எதிர்ப்புன்னு எழுதவா?"

"என்ன தீர்மானம்க்கா?"

"அடுத்த கூட்டம் என்னிக்கு வைக்கிறதுங்கறது."

தச்சர் இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"எதிர்ப்புன்னே எழுதிக்கோங்க" என்றார்.